தேசிய இளைஞர் கொள்கை நம் வீட்டுப் பிள்ளைக்கு என்ன தரும்? வெளிநாட்டுப் பரிமாற்றத்திற்கு வழி எது?

அருப்புக்கோட்டையிலிருந்து ஓர் அன்பர் கேட்டிருக்கிறார்: "என் தங்கை மகள் அரசு கலைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், நாட்டு நலப்பணித் திட்டத்திலும் இருக்கிறாள். தேசிய இளைஞர் கொள்கை என்று ஒன்று உண்டு என்று கல்லூரியில் சொன்னார்களாம். அதனால் இவளுக்கு என்ன பயன்? அரசு செலவில் வெளிநாட்டு இளைஞர் பரிமாற்றத்திற்குப் போய்வர முடியுமா? எண்பதாயிரம் கட்டினால் ஓர் இளைஞர் மாநாட்டுக்கு அழைத்துப் போவதாக ஒரு முகவர் சொல்கிறார், நம்பலாமா?"

நான் பதினோரு ஆண்டுகள் ஒரு கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருந்தவன். முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொள்கை என்பது நேரடியாகக் கையில் எதையும் தருவதில்லை. அரசு வழியில் வெளிநாடு போய்வர முடியும். இடங்கள் குறைவு, ஆனால் உங்கள் பெண் அதற்கான வாசல்களில் ஒன்றில் ஏற்கெனவே நிற்கிறாள். முகவரிடம் பணம் கட்டாதீர்கள். இனி விரிவாகச் சொல்கிறேன்.

இந்தியாவின் முதல் தேசிய இளைஞர் கொள்கை 1988-இல் வந்தது. ஐக்கிய நாடுகள் சபை 1985-ஐ சர்வதேச இளைஞர் ஆண்டாகக் கொண்டாடியதன் வேகம் அப்போது உலகெங்கும் இருந்தது. இரண்டாவது கொள்கை 2003-இலும் மூன்றாவது 2014-இலும் வந்தன. அதைப் புதுப்பிக்கும் வரைவு ஒன்று 2022-இல் பொதுமக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டது. இவற்றுக்கிடையே நிகழ்ந்த முக்கியமான மாற்றம் வயது வரம்பில்தான். 2003-ஆம் ஆண்டுக் கொள்கை 13 முதல் 35 வயது வரை உள்ள அனைவரையும் இளைஞர் என்றது. எட்டாம் வகுப்புச் சிறுமியையும், அந்த வயதில் ஒரு பிள்ளை இருக்கக்கூடிய தந்தையையும் ஒரே திட்டத்தில் சேர்த்து எண்ணினால் இருவருக்குமே பொருத்தமாக எதுவும் செய்ய முடியாது. 2014-இல் அது 15 முதல் 29 வரை என்று சுருக்கப்பட்டது. காமன்வெல்த் அமைப்பும் இதே வரம்பைக் கொள்கிறது, ஐ.நா. தன் புள்ளிவிவரங்களில் 15 முதல் 24 வரை என்று கொள்கிறது. பரிமாற்றத் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கும்போது இந்த வேறுபாடு நடைமுறையில் இடிக்கும் என்பதால், ஒவ்வோர் அறிவிப்பிலும் வயது எந்தத் தேதியில் கணக்கிடப்படுகிறது என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2014-ஆம் ஆண்டுக் கொள்கை ஐந்து நோக்கங்களை முன்வைக்கிறது. உழைப்புத் திறன் மிக்க தலைமுறை, உடல்நலமுள்ள தலைமுறை, சமூக மதிப்பும் தொண்டுணர்வும், ஆட்சியில் பங்கேற்பு, பின்தங்கிய நிலையில் இருப்போருக்குச் சம வாய்ப்பு என்பவை அவை. இவற்றின் கீழ் கல்வி, வேலைவாய்ப்பு, விளையாட்டு, அரசியல் பங்கேற்பு என்று 11 முன்னுரிமைத் துறைகள் வருகின்றன. அந்த ஆவணமே தரும் கணக்கின்படி, மத்திய அரசு அப்போது ஆண்டுக்கு 90,000 கோடி ரூபாய்க்கு மேல் இளைஞர்களுக்காகச் செலவிட்டுவந்தது. தலைக்கு ஏறத்தாழ 2,710 ரூபாய். இதைப் படித்ததும், என் பிள்ளைக்கான 2,710 ரூபாய் எங்கே என்று கேட்கத் தோன்றும். உயர்கல்விக்கும் திறன் பயிற்சிக்கும் மருத்துவத்துக்கும் போகும் பணமும், உணவு மானியம் போல எல்லோருக்கும் பொதுவான திட்டங்களில் இளைஞர் பங்காக வரும் தொகையும் சேர்ந்த கணக்கு அது. ஆகவே உங்கள் வீட்டு ரேஷன் அரிசியிலும் அந்தத் தொகையில் ஒரு பகுதி ஏற்கெனவே வந்து சேர்ந்திருக்கிறது.

கொள்கை ஒரு சட்டம் அல்ல. அதைக் காட்டி நீதிமன்றத்தில் எதையும் உரிமையாகக் கோர முடியாது. அது துறைகளுக்குத் திசை காட்டும் ஆவணம், அவ்வளவுதான். அதில் பேசப்படும் தொண்டையும் பங்கேற்பையும் நாட்டில் உண்மையில் நடத்திவரும் அமைப்புகள் கொள்கைக்கு வெகு முன்பே பிறந்தவை. தேசிய மாணவர் படை 1948-இல் சட்டத்தின் வழியே அமைந்தது. நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. கல்லூரிக்கு வெளியே உள்ள கிராம இளைஞர்களுக்காக நேரு யுவ கேந்திரா 1972-இல் வந்தது. வீடு கட்டிக் குடியேறிய பிறகு வரைபடம் போட்டதைப் போல, 1988-இன் கொள்கை இவற்றின் மேல் ஒரு பொது விளக்கமாக வந்து அமர்ந்தது. இந்தத் துறைக்கென்றே உள்ள ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் நம் ஸ்ரீபெரும்புதூரில் இருக்கிறது என்பதும், 2012-இன் நாடாளுமன்றச் சட்டத்தால் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக ஆக்கப்பட்டது என்பதும் நம் மாவட்டக் கல்லூரிகளில் பலருக்குத் தெரியாது. உங்கள் பெண் பட்டம் முடித்தபின் இந்தத் துறையிலேயே மேற்படிப்புப் படிக்க விரும்பினால் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது பரிமாற்றத்திற்கு வருகிறேன். மத்திய இளைஞர் நலத் துறை பிற நாடுகளுடன் செய்துகொள்ளும் உடன்பாட்டின்படி இளைஞர் குழுக்களை அனுப்புகிறது, பதிலுக்கு வரவேற்கிறது. சீனாவுடன் 2006-இல் இப்படி நூறு நூறு பேராகப் போய்வரத் தொடங்கினார்கள். வங்கதேசத்திலிருந்து நூறு பேர் கொண்ட இளைஞர் குழு இந்தியாவுக்கு வருவது 2012-இல் தொடங்கியது. வழக்கமாக விமானக் கட்டணத்தை அனுப்பும் நாடும், தங்குமிடம், உணவு, உள்நாட்டுப் பயணம் ஆகியவற்றை அழைக்கும் நாடும் ஏற்கும். போகிறவரிடம் கட்டணம் என்று எதுவும் வாங்கப்படுவதில்லை. இந்தக் குழுக்களுக்கான பெயர்கள் நாட்டு நலப்பணித் திட்டம், மாணவர் படை முதலிய அமைப்புகளின் வழியே போகின்றன. 2023 அக்டோபர் 31 அன்று தொடங்கப்பட்ட, மத்திய அரசின் இளைஞர் இணையதளமான 'மை பாரத்' தளத்தில் பதிவு செய்துகொள்வதும் இப்போது அவசியம். மாணவர் படைக்கு இவற்றோடு தனியாக ஓர் இளைஞர் பரிமாற்றத் திட்டமும் உண்டு. டெல்லி குடியரசு தின முகாமுக்குப் போய்ச் சிறந்து விளங்கும் மாணவர்களிலிருந்து அதற்கு ஆள் எடுக்கிறார்கள்.

உங்கள் பெண் இருக்கும் திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணி நேரம் என்று இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணியும், தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாமும் முடிக்க வேண்டும். அதற்குமேல் மாநில முகாம், தேசிய ஒருமைப்பாட்டு முகாம், குடியரசு தின அணிவகுப்பு முகாம் என்று படிகள் உள்ளன. அணிவகுப்புக்கு நாடு முழுவதிலுமிருந்து 200 பேரே எடுக்கப்படுகிறார்கள் என்றால் போட்டியைப் புரிந்துகொள்வீர்கள். ஆனால் தேர்வுக்குழுவின் முன் வெல்வது சரளமான ஆங்கிலம்தான் என்று நம் பிள்ளைகள் தாமாகவே முடிவு செய்துகொண்டு விண்ணப்பிக்காமல் இருந்துவிடுவதைப் பல ஆண்டுகள் பார்த்து வருந்தியிருக்கிறேன். ஒரு முறை பல்கலைக்கழக அளவிலான நேர்காணலில் நான் உடன் இருந்தேன். மாணவர்கள் பலரும் பேரிடர் மேலாண்மை, தூய்மை இந்தியா என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிட்டுப் போனார்கள். ஒரு பெண் தன் முகாமில் கண்மாயிலிருந்து சீமைக் கருவேலத்தை அகற்றியதைத் திக்கித் திக்கி ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினாள். மூன்றாம் நாள் ஊர்க்காரர் இருவர் வந்து, "இதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது, நீங்கள் வேரோடு பிடுங்கினால் நாங்கள் எங்கே போவோம்" என்று தடுத்ததையும், அன்று மாலை ஊர்க்கூட்டம் போட்டுக் கண்மாயின் உட்பகுதியை மட்டும் சுத்தம் செய்வது, கரையோரத்தை அவர்களுக்கு விட்டுவிடுவது என்று முடிவானதையும், பாதியில் தமிழுக்கு மாறிச் சொன்னாள். குழுவினர் அதன்பின் அவளிடம் வேறெதுவும் கேட்கவில்லை. அவள் பெயர் பட்டியலில் இருந்தது. வெளிநாட்டில் போய் உட்கார்ந்தாலும் எதிரே இருப்பவர் அறிய விரும்புவது இத்தகைய செய்தியைத்தான். தன் ஊரைப் பற்றி ஐந்து நிமிடம் உண்மையாகப் பேசத் தெரிந்த பிள்ளை எந்த நாட்டிலும் கூச்சப்பட வேண்டியதில்லை.

அடுத்துச் சொல்லப்போவது சிறிய விஷயமாகத் தோன்றும், ஆனால் நான் கண்ட வரையில் நம் பகுதிப் பிள்ளைகள் வாய்ப்பை இழப்பது பெரும்பாலும் இதில்தான். வேறோர் ஆண்டில் என் மாணவி ஒருத்தியின் பெயர் வெளிநாட்டுக் குழுவுக்கான பட்டியலில் வந்தது. பத்து நாட்களுக்குள் பாஸ்போர்ட் நகலை அனுப்பச் சொன்னார்கள். அவளிடம் பாஸ்போர்ட் இல்லை. அவசரமாக விண்ணப்பிக்க உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. மதிப்பெண் சான்றிதழில் அவள் பெயருக்கு முன் ஓர் இனிஷியல் மட்டும் இருந்தது. பாஸ்போர்ட்டில் இனிஷியலை ஏற்கமாட்டார்கள். தந்தையின் பெயரை முழுமையாக விரித்து எழுத வேண்டும். அந்தப் பெயரோ பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், ஆதாரில் ஆங்கில எழுத்து ஒன்று கூடுதலாகவும் இருந்தது. திருத்தி வாங்குவதற்குள் கெடு முடிந்து, அவளுடைய இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. அவள் என் அறை வாசலில் நின்று, "பரவாயில்லை சார், அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்றாள். அவள் மூன்றாம் ஆண்டு மாணவி. அடுத்த தடவை என்று ஒன்று கிடையாது என்பது இருவருக்கும் தெரியும். முதலாம் ஆண்டிலேயே நான் சொல்லியிருக்க வேண்டிய செய்தி அது. அந்தக் குறை என்னுடையது. அதற்குப்பின் ஒவ்வோர் ஆண்டும் முதல் கூட்டத்திலேயே எல்லோருடைய ஆதாரையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயர் பொருந்துகிறதா என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

இவ்வளவு சிரமப்பட்டுப் போய்வருவதால் என்ன ஆகிவிடப்போகிறது என்ற கேள்வியும் நியாயமானதே. அதற்கு விடை இந்தப் பரிமாற்றங்கள் எதற்காகப் பிறந்தன என்பதில் இருக்கிறது. பிரான்சும் ஜெர்மனியும் எழுபத்தைந்து ஆண்டுகளுக்குள் மூன்று போர்களில் ஒன்றையொன்று அழித்த நாடுகள். 1962 செப்டம்பரில் லுட்விக்ஸ்பர்க் நகரில் பிரான்ஸ் அதிபர் டி கோல் ஜெர்மானிய இளைஞர்களை நோக்கி அவர்களுடைய மொழியிலேயே உரையாற்றினார். 1963 சனவரி 22 அன்று அவரும் ஜெர்மன் பிரதமர் அடேனவரும் எலிசே உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். டி கோலுக்கு வயது 72, அடேனவருக்கு 87. கையெழுத்திட்டது முதியவர்கள், ஆனால் அதே ஆண்டு சூலையில் அந்த உடன்படிக்கையின் வழியே உருவான அமைப்பு பிரெஞ்சு-ஜெர்மன் இளைஞர் அலுவலகம். இரு அரசுகளும் அதற்குச் சரிசமமாகப் பணம் தருகின்றன. பயணங்கள் பெரும்பாலும் பள்ளிகளும் ஊராட்சிகளும் விளையாட்டுக் கழகங்களும் தொழிற்பயிற்சிக் கூடங்களும் திட்டமிடுபவை; அலுவலகம் அவற்றுக்குப் பண உதவி செய்கிறது, குழுவை அழைத்துப் போகிறவர்களுக்குப் பயிற்சி தருகிறது, ஒரு ஜெர்மானியரையும் ஒரு பிரெஞ்சுக்காரரையும் இணையாக உட்காரவைத்து ஒருவர் மொழியை மற்றவர் கற்பிக்கும் முறையை வளர்க்கிறது. அன்று முதல் 90 லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் அதன் வழியே எல்லை தாண்டிப் போய்வந்திருக்கிறார்கள். ஊருக்கு ஒருவராவது மறுகரையில் ஒரு வீட்டில் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வந்தவர் என்ற நிலை வந்துவிட்டால், வெறுப்பைப் பேசுகிறவருக்கு அந்த ஊரில் எளிதில் ஆள் கிடைக்காது.

ஜப்பானின் கதையும் இத்தகையதே. 1974 சனவரியில் ஜப்பான் பிரதமர் தனாக்கா தென்கிழக்கு ஆசியாவுக்கு வந்தபோது பாங்காக்கிலும் ஜகார்த்தாவிலும் மாணவர்கள் ஜப்பானுக்கு எதிராகத் தெருவில் இறங்கினார்கள். போரின் நினைவும் ஜப்பானிய நிறுவனங்களின் ஆதிக்கமும் சேர்ந்து எழுப்பிய கோபம் அது. அந்த மாதத்திலேயே ஐந்து நாடுகளுடன் வெளியிட்ட கூட்டறிக்கைகளின் வழியே, எல்லா நாட்டு இளைஞரையும் ஒரே கப்பலில் ஏற்றி, துறைமுகம் துறைமுகமாக நிறுத்தி, அங்கங்கே வீடுகளில் தங்கவைக்கும் தென்கிழக்கு ஆசிய இளைஞர் கப்பல் திட்டம் உருவானது. மலேசியா, சிங்கப்பூர் தமிழ் வாசகர்களில் சிலர் இந்தக் கப்பலைப் பற்றி அறிந்திருப்பார்கள்.

நம் நாட்டின் பரிமாற்றங்களைப் பார்க்கும்போது எனக்குள்ள மனக்குறை இதுதான்: நாம் இதைச் சிறந்த மாணவருக்குத் தரும் பரிசாக வைத்திருக்கிறோம். நூறு பேர் ஒரு வாரமோ பத்து நாளோ போகிறார்கள்; நினைவிடங்களையும் தொழிற்சாலைகளையும் பார்க்கிறார்கள்; வரவேற்பு விருந்தில் நாட்டியம் ஆடுகிறார்கள்; திரும்பி வந்தபின் யாரும் அவர்களை எதற்கும் அழைப்பதில்லை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிப் பிள்ளைகளைப் போட்டிகளில் தேர்ந்து துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் ஜப்பானுக்கும் கல்விப் பயணமாக அழைத்துப் போனதை நான் மனமாரப் போற்றுகிறேன். விமானத்தையே அண்ணாந்து பார்த்த வீட்டுப் பிள்ளைக்கு அது தரும் துணிவு பெரிது. ஆனால் அது சுற்றுலா. பரிமாற்றத்தில் அங்கிருந்தும் ஒரு பிள்ளை வந்து நம் வீட்டுத் திண்ணையில் உட்கார வேண்டும்.

அப்படி ஒன்றை நாம் தொடங்குவதென்றால் எங்கே தொடங்க வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கமில்லை. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். ராமேசுவரம் படகுகளின் இழுவைமடி தங்கள் கடலை அரித்துவிட்டது என்று மன்னார், யாழ்ப்பாணத்து மீனவர்கள் கொதிக்கிறார்கள். பிடிபட்ட படகுக்கும் சிறையிலிருக்கும் மகனுக்கும் நம் கரையில் பெண்கள் அழுகிறார்கள். இரு பக்கமும் பேசுவது ஒரே மொழி, வணங்குவது பல ஊர்களில் ஒரே அந்தோணியார். இலங்கையில் 1979-இன் சட்டத்தால் அமைந்த தேசிய இளைஞர் சேவைகள் மன்றம் ஊர்தோறும் இளைஞர் கழகங்களை வைத்திருக்கிறது. நம்மிடம் நேரு யுவ கேந்திரா வளர்த்த இளைஞர் மன்றங்கள் உள்ளன. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பலும் ஓடத் தொடங்கியது. இருபது வயது மீனவப் பிள்ளைகள் இருபது பேர் அங்கே இரண்டு வாரம், அங்குள்ள இருபது பேர் இங்கே இரண்டு வாரம், தெற்கிலிருந்து சில சிங்களப் பிள்ளைகளையும் சேர்த்து, ஆண்டு தவறாமல் பத்து ஆண்டுகள் நடந்தால் பேச்சுவார்த்தை மேசைக்கு வருகிறவர்கள் ஒருவரையொருவர் முன்பே அறிந்தவர்களாக இருப்பார்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு விழாவின் பந்தல் செலவுக்கு மேல் போகாது. கொள்கையைப் புதுப்பிக்கிறவர்கள் இத்தகைய ஒன்றையாவது எழுத்தில் சேர்க்க வேண்டும் என்று ஸ்ரீபெரும்புதூர் கருத்தரங்கு ஒன்றிலும் சொன்னேன், இங்கும் சொல்கிறேன்.

அரசுக் குழுக்களைத் தவிர வேறு நல்ல வழிகளும் இருக்கின்றன. பள்ளிப் பருவத்தினருக்கு அமெரிக்க அரசின் முழு உதவித்தொகையில் ஓராண்டு அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிக்கும் கென்னடி-லூகர் திட்டமும், ஜப்பானின் சகுரா அறிவியல் பரிமாற்றமும் உண்டு. உங்கள் பெண் கல்லூரிக்கு வந்துவிட்டதால் அவளுடைய தம்பி தங்கையருக்காகக் குறித்துக்கொள்ளுங்கள். அவளுக்குப் பொருந்தக்கூடியது ஜெர்மனியின் வெல்ட்வெர்ட்ஸ் திட்டம். 2008-இல் ஜெர்மானிய இளைஞர்களை வெளியே அனுப்பத் தொடங்கிய அது, 2013-லிருந்து இந்தியா போன்ற நாடுகளின் இளைஞர்களையும் அங்கே தொண்டாற்ற அழைக்கிறது. அதற்கான வழி இங்குள்ள கூட்டாளித் தொண்டு நிறுவனங்கள்தான். பிரிட்டன் ஆண்டுக்கு 3,000 இந்தியப் பட்டதாரிகளுக்கும் ஆஸ்திரேலியா 1,000 பேருக்கும் குலுக்கல் முறையில் தரும் இளைஞர் விசாக்களைப் பரிமாற்றம் என்று பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அவை வேலை செய்து தங்கும் விசாக்கள். பிரிட்டனுக்குக் கையிருப்பாக 2,530 பவுண்டு காட்ட வேண்டும்.

முகவர் சொல்லும் மாநாட்டைப் பொறுத்தவரை, அவரிடம் அழைப்பவர் யார், அந்நாட்டு அரசோ பல்கலைக்கழகமோ தன் பெயரில் கடிதம் தந்திருக்கிறதா, அங்கிருந்து யாராவது இங்கு வருகிறார்களா, தேர்வு எந்த அடிப்படையில் நடந்தது என்று கேளுங்கள். விண்ணப்பித்த எல்லோரையும் தேர்ந்தெடுத்துவிட்டு, ஐ.நா. சின்னத்தைப் போன்ற ஒன்றை அச்சடித்து, ஓட்டல் அரங்கில் மூன்று நாள் உட்காரவைத்துச் சான்றிதழ் தரும் கூட்டங்கள் நிறைய நடக்கின்றன. அந்தச் சான்றிதழை எந்தத் தேர்வுக்குழுவும் பொருட்படுத்தி நான் பார்த்ததில்லை.

அந்த எண்பதாயிரத்தில் 1,500 ரூபாயை மட்டும் எடுத்துச் சாதாரண முறையில் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்கள். அதற்குமுன் ஆதார், பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் மூன்றிலும் அவள் பெயரும் தந்தை பெயரும் எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகின்றனவா என்று பார்த்துவிடுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழைச் சேர்த்துக் கொடுத்தால் குடியேற்ற அனுமதி தேவை என்ற முத்திரை விழாது. 'மை பாரத்' தளத்தில் அவளே பதிவு செய்துகொள்ளட்டும். கல்லூரித் திட்ட அலுவலரிடம், பல்கலைக்கழக ஒருங்கிணைப்பாளரிடமிருந்து வரும் சுற்றறிக்கைகளைத் தகவல் பலகையில் ஒட்டும்படி பணிவோடு கேட்கட்டும். பல நேரங்களில் அவை மேசைக் கோப்பிலேயே கெடு தாண்டிவிடுகின்றன. வரப்போகும் ஏழு நாள் முகாமில் ஒரு நாற்பது பக்க நோட்டை வைத்துக்கொண்டு, அன்றன்று எந்தத் தெருவில் என்ன வேலை நடந்தது, யார் உதவினார்கள், யார் எதற்காக எதிர்த்தார்கள், என்ன மாறியது, என்ன மாறவில்லை என்பதைத் தேதி போட்டுத் தமிழிலேயே எழுதிவரட்டும். நேர்காணலுக்கு அழைப்பு வந்தால் அந்த நோட்டையும் கையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள்.